பென் டிரைவை நம்பிக் கணக்கை விடாதீர்கள்

ஐயா,

வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை மீன் கம்பெனி, ஸ்டூடியோ, சங்க அலுவலகம் என்று பல இடங்களில் வருடக்கணக்கான கணக்கும் படங்களும் ஒற்றைப் பென் டிரைவில்தான் கிடக்கின்றன. இது கவலைக்குரியது.

பென் டிரைவ் கோப்பை எடுத்துப்போகத்தான். சேமித்து வைக்க அல்ல. அதன் சிப்பில் தகவல் மின்னேற்றமாக நிற்கிறது. செருகாமலே வைத்திருந்தால் அது மெல்லக் கசியும், வெக்கையில் இன்னும் சீக்கிரம். சுழலும் தட்டு இல்லாமல் இதேபோல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கும் அதே குணம்தான். அன்றாட வேலைக்கு அது அருமை. பீரோவில் வைக்க 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கே மேல், விலையும் குறைவு. ஆனால் ஓடும்போது கீழே விழக் கூடாது.

சில நூறு ரூபாய்க்கு 2 டிபி (2,000 ஜிபி) பென் டிரைவ் என்றால் அது போலி. கணினியில் 2 டிபி என்று காட்டும். உண்மையான இடம் நிரம்பியதும் அதற்குப் பின் எழுதுவதெல்லாம் அழியும். வாங்கியவுடன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். 1 டிபி டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று தெரிவது மோசடி அல்ல, கணக்கிடும் முறை வேறு.

டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு அடுக்கும் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் 4 ஜிபியைத் தொடும் கல்யாண வீடியோ ஏறாது. எக்ஸ்ஃபேட் முறையில் ஏறும், ஆனால் எழுதும்போது கரண்ட் போனால் கோப்புப் பட்டியலே குலையக்கூடும்.

நம் கரையில் பெரிய எதிரி உப்புக்காற்று. யுஎஸ்பி முனை அரிக்கும். டிஸ்க்கின் மூச்சுத்துளை வழியே ஈரமும் உள்ளே போகும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பையோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த டிஸ்க்கை உடனே செருகக் கூடாது, நீர் பூத்திருக்கும். மூடிய டப்பாவிலேயே ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள்.

டிஸ்க் இரண்டு வேண்டும். வாரம் ஒன்றாக மாற்றி எழுதுங்கள், எழுதி முடித்ததும் கழற்றிவிடுங்கள். இரண்டையும் சேர்த்துச் செருகினால் ஒரே இடியில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ஒரே ரான்சம்வேரில் இரண்டும் போகும். ஒன்று பரமக்குடியிலோ மதுரையிலோ சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். 1964-இல் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட கரை இது. ஒரே பீரோவில் இருக்கும் இரண்டு பிரதிகளைப் புயலுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு கணினியில் செருகி, பத்துக் கோப்புகளையாவது திறந்து பாருங்கள். டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் மஞ்சள் நிறம் காட்டினால் அன்றே நகலெடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் முதலில் கேபிளை மாற்றி, கணினியின் பின்பக்க யுஎஸ்பியில் செருகுங்கள். முன்பக்கத்தில் சில சமயம் மின்சாரம் போதாது. அப்போதும் சத்தம் நிற்காவிட்டால் உடனே கழற்றி, தகவல் மீட்பவரிடம் கொடுங்கள். திரும்பத் திரும்பச் செருகிப் பார்த்தால் மீட்கக்கூடியதும் தேய்ந்துபோகும்.

கணினிப் பழுதுபார்ப்போர்,
ராமநாதபுரம்