லண்டனில் வீடு பார்க்கும் மகளுக்கு

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குச் சம்பந்தி வந்திருந்தார். எம்.பி. ஆன பிறகு வருகிற முதல் திருவிழா, கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். உங்கள் வீட்டுக்கு முன்பணம் தானே தருவதாக எல்லார் முன்னாலும் சொன்னார். அதற்குப் பிறகுதான் உன் ஞாயிற்றுக்கிழமை போன் நின்றுவிட்டது. உனக்கு வங்கியிலிருந்து ஏதோ கடிதம் வந்திருக்கிறது என்பதை அம்மா வாயால்தான் கேட்டேன்.

சம்பந்தியைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. வங்கிக்காரன் எப்படிப் பார்ப்பான் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பிரிட்டனின் 2017ஆம் ஆண்டு சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்பு விதிகளில் எம்.பி., அமைச்சர், துணையமைச்சர், கட்சி மேலிடத்தார், அரசு நிறுவன இயக்குநர் எல்லாரும் ஒரே பட்டியல். வங்கியில் 'பெப்' என்பார்கள், அதாவது அரசியல் பதவியால் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டியவர். அவர்களுடைய மனைவி, பெற்றோர், பிள்ளைகள் சேர்த்தி. பிள்ளைகளைக் கட்டியவர்களும் சேர்த்தி. ஆகவே மாப்பிள்ளையோடு நீயும் அதில் இருக்கிறாய். உள்ளூர் எம்.பி. குடும்பம் என்றால் 2024 ஜனவரியிலிருந்து ஆரம்பத்தில் கொஞ்சம் இலேசாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டு எம்.பி. குடும்பத்துக்கு அது இல்லை. சம்பந்தி பதவியை விட்டாலும் அவரைக் குறைந்தது 12 மாதம் அப்படியே பார்ப்பார்கள். குடும்பத்தாருக்கு அந்தக் கட்டாயம் அவர் பதவி விட்ட அன்றே நீங்கிவிடும்.

இதில் உன்மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. வீட்டாரில் யாராவது அரசியல் பதவியில் இருக்கிறாரா என்று படிவத்தில் கேட்டால், ஆமாம் என்று எழுது. இல்லை என்று எழுதி, பிறகு அவர்களே கண்டுபிடித்தால் அதுதான் பெரிய கெடுதல். இந்த மாதிரிக் கணக்குக்கு மேலதிகாரி ஒப்புதல் வேண்டும், அதனால் பதில் வர நாளாகும். கவுண்டரில் இருக்கிற பெண்ணிடம் ஏன் என்று கேட்டுச் சண்டை போடாதே. இந்தப் பணத்தைப் பற்றி அரசுக்குச் சந்தேக அறிக்கை போயிருந்தால் அதை உன்னிடம் சொல்வதே அவளுக்குக் குற்றம்.

வங்கி கேட்பது இரண்டு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. முதலாவது, கொடுப்பவருக்கு மொத்தச் சொத்து எப்படி வந்தது. இரண்டாவது, இந்தக் குறிப்பிட்ட பணம் எங்கிருந்து வந்தது. முன்னதற்குச் சம்பந்தியின் வருமான வரிப் படிவங்கள், கம்பெனிக் கணக்கு, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) அறிக்கை. பின்னதற்கு, நிலம் விற்ற பணமென்றால் விற்பனை ஒப்பந்தம், வாங்கியவர் பணம் கட்டிய சான்று, அது அவர் கணக்கில் விழுந்த அறிக்கை, அங்கிருந்து உனக்கு அனுப்பிய ரசீது. நடுவில் ஒரு கண்ணி விட்டாலும் மறுபடி கடிதம் வரும். மலாயில் உள்ள தாள்களுக்குச் சான்று பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு வை. அன்பளிப்புக் கடிதமும் வேண்டும்: எவ்வளவு, என்ன உறவு, திருப்பிக் கேட்கமாட்டேன், வீட்டில் எனக்குப் பங்கில்லை என்று அவர் கையெழுத்தோடு. வீடு வாங்கித் தரும் வழக்கறிஞரும் அதே விதிக்குக் கட்டுப்பட்டவர், அவரும் இதையெல்லாம் கேட்பார்.

பணம் சம்பந்தியின் சொந்தக் கணக்கிலிருந்துதான் வரவேண்டும். கட்சிக்காரர் கம்பெனியிலிருந்தோ கூட்டாளி கணக்கிலிருந்தோ வந்தால், கொடுப்பவர் ஒருவர் அனுப்பியவர் வேறொருவர் ஆகிவிடும். அந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிடக்கூடும்.

ரொக்கமாகப் பிரித்துப் போடலாம் என்று உன் கொழுந்தனார் சொன்ன யோசனையும் என் காதுக்கு வந்தது. வேண்டாம்மா. இங்கே 25,000 வெள்ளி (ரிங்கிட்) அல்லது அதற்கு மேல் ரொக்கம் போனால் வங்கி நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்கு அறிக்கை அனுப்பும், அவ்வளவுதான். அதற்குப் பயந்து சின்னச் சின்னதாகப் பிரித்துப் போட்டால், பிரித்ததே அம்லா என்ற இங்குள்ள பணமோசடித் தடுப்புச் சட்டப்படி குற்றம். ரொக்கத்தைத் தொடாமல் வங்கி வழியாக முழுத் தொகையும் அனுப்பினால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வங்கியைத் தவிர்த்து ஆள் மூலம் பணம் அனுப்பும் உண்டியல் வழியை நினைத்துக்கூடப் பார்க்காதே.

தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து போய் லண்டனில் பொறியாளராக இருக்கிறாய். இந்த ஊரில் உன் பேரைச் சொல்லாத வாத்தியார் இல்லை. ஒரு சென் கணக்குக்கு என்னோடு வாதாடிய பிள்ளை, இவ்வளவு பெரிய தொகைக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். மாமனாரிடம் தாள் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறாயா? முன்னாள் பிரதமர் நஜிப்பின் மீது, அரசு நிறுவனமான எஸ்.ஆர்.சி.யின் பணம் பற்றி நடந்த வழக்கை நினைத்துப் பார். 4 கோடியே 20 லட்சம் வெள்ளி அவர் கணக்குக்கு வந்தது. அரபு நாட்டு நன்கொடை என்று நம்பினேன் என்றார். 2020இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்திருக்க வேண்டும் என்றுதான் சட்டமும் சொல்கிறது. 'எனக்குத் தெரியாது' என்பது பெற்றுக்கொண்டவரைக் காப்பாற்றாது.

லண்டனிலேயே 2018இல் அசர்பைஜான் அரசு வங்கியின் முன்னாள் தலைவரின் மனைவிமீதுதான், சொத்து எப்படி வந்தது என்று விளக்கச் சொல்லும் 'கணக்குக் காட்டாத சொத்து ஆணை'யை முதன்முதலாகப் போட்டார்கள். பதவி கணவருக்கு, கேள்வி மனைவிக்கு. 50,000 பவுனுக்கு மேற்பட்ட சொத்தென்றால் அந்த ஆணை வரலாம். மலேசியா மாதிரி நாட்டு அரசியல்வாதி குடும்பமென்றால் குற்றச் சந்தேகம்கூடக் காட்ட வேண்டியதில்லை. வருமானத்துக்குப் பொருந்தாத சொத்து என்று தோன்றினால் போதும். உனக்கு அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. வீடு உன் பேரில் என்றால் கேள்வியும் உன் பேருக்குத்தான்.

எல்லாத் தாளும் கொடுத்த பிறகும், எம்.பி. மருமகள் என்பதற்காக மட்டும் கணக்கை மூடினால், முதலில் வங்கியிலேயே எழுத்தில் புகார் கொடு. 8 வாரத்தில் சரியான பதில் வராவிட்டால் அங்குள்ள நிதிக் குறைதீர்ப்பு அலுவலகத்துக்குப் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

தாள் கைக்கு வருமுன் பணத்தை வாங்காதே. ஏற்கெனவே வந்திருந்தால், செலவழிக்காமல், யாருக்கும் திருப்பியும் அனுப்பாமல், முதலில் அந்த வழக்கறிஞரிடம் சொல். சம்பந்தியிடம் கேட்க உனக்குத் தயக்கமென்றால் மாப்பிள்ளையைக் கேட்கச் சொல். அவருக்கும் கூச்சமென்றால் நானே போய்க் கேட்கிறேன்.

வங்கி அனுப்பிய கடிதத்தின் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்பு. அம்மாவுக்கு அல்ல, எனக்கு. எந்தத் தாள் குறைகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா