நாலு குஞ்சுக்கு நாலு கூண்டு

தருமபுரி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. கனடாவிலிருந்து நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ வளர்க்கும் ஏமன் நாட்டுப் பச்சோந்திக் குஞ்சுகள் நாலும் ஒரே கண்ணாடித் தொட்டியில், ஒரே குச்சியில், ஒன்றின் முதுகில் ஒன்று. "எவ்வளவு பாசம் பாருங்கம்மா" என்று எழுதியிருக்கிறாய். அது பாசம் இல்லை கண்ணு. விளக்குக்கு நேர் கீழே கதகதப்பாக இருக்கும் அந்த ஓர் இடத்துக்கு நாலும் போட்டி போடுகின்றன. பெரியது மேலே ஏறிக்கொண்டது. கீழே கரும்பழுப்பாக ஒடுங்கிக் கிடக்கிறதே ஒரு சின்னது, அதை நினைத்தால்தான் எனக்குக் கவலை. பலமான குஞ்சு கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால், பலவீனமானது சரியாக இரை எடுக்காது, வளர்த்தியும் குன்றிவிடும். சில மாதம் வரை சேர்த்தே வளர்ப்பவர்களும் உண்டு. நீ அப்படிச் செய்யாதே. நாலு கூண்டு வாங்கு. பணம் வேண்டுமென்றால் தயங்காமல் கேள்.

மீன் தொட்டி இதற்கு ஆகாது. காற்று உள்ளே வந்து வெளியே போக வழியில்லை. ஈரம் தேங்கினால் மூச்சுக்குழாயில் நோய் பிடிக்கும். கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்து ஓயாமல் மிரளும். வலை அடித்த கூண்டாகப் பார். குஞ்சுக்கு ஒன்றேகால் அடி நீள அகலம், இரண்டடி உயரம் போதும். அதைவிடப் பெரிதாக இருந்தால் இரையைத் தேடியே அலுத்துவிடும். வளர்ந்த ஆணுக்கு இரண்டடிச் சதுரமும் நாலடி உயரமும் தேவைப்படும், அது பிறகு. வலைக்கண் பொடியாக இருக்கட்டும், இல்லாவிட்டால் இரைக்கு விடும் பழ ஈயெல்லாம் உன் அடுப்படிக்கு வந்துவிடும். கூண்டுக்கும் கூண்டுக்கும் நடுவே அட்டை வைத்து மறை. கூண்டைத் தரையில் வைக்காதே. குஞ்சு உட்காரும் குச்சி உன் கண்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். மேலிருந்து குனிகிற எதுவும் அதற்குக் கொத்த வரும் பறவைதான்.

குச்சி விஷயத்தில்தான் நிறையப் பேர் அசட்டையாக இருக்கிறார்கள். பென்னாகரம் ரோட்டுப் புளியமரத்தில் நம்ம ஊர்ப் பச்சோந்தி ஏறுவதைச் சின்ன வயதில் நின்று பார்த்திருக்கிறாய். ஒரு காலைத் தூக்கி, முன்னும் பின்னும் ஆடி ஆடி, பிறகுதான் வைக்கும். அதன் பாதத்தைக் கவனித்தாயா? ஐந்து விரலும் இரண்டு கட்டாகச் சேர்ந்து இடுக்கி மாதிரி இருக்கும். முன்காலில் உள்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் இரண்டு; பின்காலில் அதுவே மாறி வரும். சுற்றிப் பிடிக்க முடிகிற குச்சியில்தான் அதற்கு நிம்மதி. நீ வைத்திருக்கும் குச்சி உன் கட்டைவிரல் தடிமன். குஞ்சுக்குப் பென்சிலைவிட மெல்லியதாகப் பல குச்சிகளைப் படுக்கையாகவும் சாய்வாகவும் கட்டு. நடுவே செடி வை. நம் வீட்டு வராந்தாவில் படர்ந்திருக்கும் மணி பிளான்ட்தான், அங்கே பாத்தோஸ் என்று கேட்டால் கிடைக்கும். செம்பருத்தியும் நல்லது. வாங்கிய செடியில் பூச்சிமருந்து இருக்கும், இலை இலையாகக் கழுவி, மண் மாற்றிய பிறகு உள்ளே வை. கூண்டின் தரையில் மண்ணோ தேங்காய் நாரோ போட வேண்டாம். இரையோடு நாக்கில் ஒட்டி வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரைப் பெரும்பாலும் அது கண்டுகொள்ளாது. இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும். மேலே ஒரு பிளாஸ்டிக் கப்பில் ஊசித்துளை போட்டு, இலை மேல் சொட்டுச் சொட்டாக விழும்படி வை. விளக்கு அணைந்த பிறகு ஒரு முறையும், காலையில் போடுவதற்கு முன் ஒரு முறையும் புகைபோல மெல்லிசாக ஸ்ப்ரே அடி. பகலில் கூண்டு காய்ந்துவிட வேண்டும். உங்கள் கனடா குளிரில் ஹீட்டர் ஓடி வீட்டுக்காற்று வறண்டு போகுமே, அப்போது வலையின் இரண்டு பக்கத்தை மட்டும் பிளாஸ்டிக் தாளால் மூடு.

ஜன்னலோரம் வெயில் படுகிறது என்று எழுதியிருந்தாய். ஜன்னல் கண்ணாடி வெயிலில் உள்ள புற ஊதா-பி (யூவி-பி) கதிரை உள்ளே விடாது. அந்தக் கதிர் பட்டால்தான் தோலில் வைட்டமின் டி3 உண்டாகும், டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் எலும்பில் சேரும். வளரும் குஞ்சுக்கு அது கிடைக்காவிட்டால் கால் எலும்பு வளைந்துவிடும், வளைந்தது முழுசாக நிமிராது. ஊர்ப் பச்சோந்திக்குச் சும்மா கிடைக்கும் வெயிலை நீ விளக்காகத்தான் கொடுக்க வேண்டும். இந்தக் கதிருக்குக் குண்டு பல்பு வேண்டாம். யூவி-பி டியூப் லைட் வாங்கி வலைக்கு மேலே வை, உச்சிக் குச்சி அதற்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும். பன்னிரண்டு மணி நேரம் எரியட்டும். வருஷத்துக்கு ஒரு முறை மாற்று, வெளிச்சம் வந்தாலும் கதிர் தேய்ந்திருக்கும். வெப்ப விளக்கின் கீழ் 28, 29 டிகிரி போதும், அதற்கு மேல் போனால் குஞ்சு வற்றிவிடும். ராத்திரி முழு இருட்டு. சிவப்பு விளக்கும் வேண்டாம்.

இரை, அதன் இரண்டு கண்ணுக்கு நடுவே உள்ள அகலத்தைத் தாண்டக் கூடாது. இப்போதைக்குப் பறக்காத பழ ஈ, பொடிச் சுவர்க்கோழி. கால்சியம் பொடியை லேசாகத் தூவிக் கொடு. கையில் எடுத்துக் கொஞ்சாதே, தம்பி. ஆசை எனக்குப் புரிகிறது. அதற்கு அது பயம் மட்டும்தான்.

அடுத்த முறை வரும்போது இங்கிருந்து ஒன்றைக் கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தாய். முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம ஊர்ப் பச்சோந்தியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். விஷம் என்று பயந்து ஏற்கெனவே கல்லால் அடிக்கிறார்கள். மிச்சம் இருப்பது மரத்திலேயே இருக்கட்டும்.

இன்னொன்று. ஒவ்வொரு குஞ்சின் பின்னங்கால் குதிகாலையும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பு. சின்னதாக ஒரு முள் துருத்திக்கொண்டிருந்தால் ஆண், இந்த வகையில் பிறக்கும்போதே தெரியும். பெட்டை என்றால் சேர்க்கை இல்லாமலே முட்டை வைக்கும், தோண்ட ஈரமண் இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கிப் பெட்டை செத்துப்போகும். எத்தனை பெட்டை என்று தெரிந்தால் மண்தொட்டி எவ்வளவு ஆழம், எப்போது வைப்பது என்று எழுதுகிறேன்.

அந்தச் சின்னதை மட்டும் இன்றைக்கே பிரித்து வை.

அம்மா