அந்த 20 வளைவும் எனக்கு மறக்கவில்லை

கண்ணு,

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டு அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார், எனக்கும் தூக்கம் வரவில்லை, அதான் எழுதுகிறேன். கோலாலம்பூரில் உங்களைப் போன்ற பிள்ளைகளைப் போலீஸ் பிடித்தால் வக்கீல் ஏற்பாடு பண்ணுகிற வேலையில் நீயும் சேர்ந்துவிட்டாய் என்றால் எனக்கு வயிற்றைப் பிசையாதா? ஆணும் ஆணும் உறவு வைத்தால் குற்றம் என்கிற 377ஆம் சட்டப்பிரிவு அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. 20 வருஷம் வரை ஜெயில், கூடவே பிரம்படி. 2023ல் உங்கள் கொடியின் வானவில் நிறம் என்பதற்காக அதிகாரிகள் கடைகளில் புகுந்து 172 வாட்ச்சுகளை அள்ளிக்கொண்டு போனார்களாமே, திருப்பிக் கொடுங்கள் என்று கோர்ட் சொல்ல அடுத்த வருஷம் நவம்பர் ஆகிவிட்டது. வாட்ச்சுக்கே இந்தப் பாடு.

ஆனாலும் விட்டுவிட்டு வா என்று சொல்லமாட்டேன். அதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

2017ல் உன்னைச் சேலத்துக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஏற்காட்டிலிருந்து இறங்குகிற 20 கொண்டை ஊசி வளைவிலும் நீ ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒரு வார்த்தை பேசவில்லை, நான் கொடுத்த ஆரஞ்சை உரிக்காமல் கையிலேயே வைத்திருந்தாய். அந்த டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒரு கல்யாணத்தைப் பண்ணுங்கள், சரியாகிவிடும் என்றார். நானும் தலையாட்டினேன். அதே வருஷம்தான் நம் சேலத்துத் திருநங்கை பிரித்திகா யாஷினி கோர்ட் வரை போராடி எஸ்.ஐ. ஆனார். பேப்பரில் படம் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டில் பெருமையாகப் பேசினேன், வீட்டுக்குள் உனக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டே!

2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் நம் நாட்டு 377ஐ உடைத்தபோது டிவியை நிறுத்திவிட்டேன், உனக்கு ஞாபகம் இருக்கும். என்னைத் திருப்பியது 2021தான். நம் ஐகோர்ட்டில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், எனக்கே இது சரியாகப் புரியவில்லை என்று ஒத்துக்கொண்டு, மனநல நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு தீர்ப்பு எழுதினார். உங்களைக் குணப்படுத்துகிறேன் என்று யாரும் வைத்தியம் பண்ணக்கூடாது என்றார். ஒரு ஜட்ஜே உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார், பெற்றவள் நான் ஒரு வார்த்தை கேட்காமல் பஸ் ஏற்றியிருக்கிறேன். மன்னித்துவிடு சாமி.

இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த வெள்ளைக்காரன்தான் 1860ல் அந்தச் சட்டத்தையும் எழுதினான், அங்கேயும் கொண்டுபோய் நட்டான். இங்கே பிடுங்கியாயிற்று. அங்கேயும் பிடுங்கட்டும், நீயும் ஒரு கை கொடு.

இரண்டே இரண்டு வேண்டும். உன் வக்கீல் நம்பர், உன்கூட இருக்கிற அந்தத் தம்பியின் நம்பர். காலண்டரில் எழுதி வைக்கிறேன். தம்பி பேர் என்ன?

அம்மா