சபா செயலாளரின் தலைக்குள் இருப்பது

சென்னை சபாக்களின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். மூத்த செயலாளர்களின் அனுபவத்தைப் பதிவுசெய்து வைக்க அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவரச் சொல்லித்தான் இந்த மடல்.

முப்பது, நாற்பது வருஷம் ஒரே சபாவுக்குச் செயலாளராக இருந்தவர்கள் நம் ஊரில் உண்டு. சம்பளம் கிடையாது. பகலில் பேங்க் வேலை, சாயங்காலம் சபா. எந்தப் பாடகருக்கு எந்த வயலின் ஒத்துப்போகும், மத்தியான ஸ்லாட்டில் பாடும் பெண்ணை எந்த சீசனில் மாலைக்கு நகர்த்தலாம், சபா வெளியிடும் மலரில் விளம்பரத்துக்கு யாரை எந்த மாதம் கேட்டால் செக் வரும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஏழு மணிக் கச்சேரி. மிருதங்கக்காரர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார். ஆறே முக்காலுக்கு யாருக்குப் போன் போடுவது என்பதும் அவருக்குத்தான் தெரியும். அவர் விலகும் நாளில் ஒரு பொன்னாடை, ஒரு போட்டோ, அவ்வளவுதான்.

செயலாளர் வேலை என்றால் ஹால் பூட்டுவது மட்டும் என்று நினைப்பவர்கள் இ. கிருஷ்ண ஐயரைப் பார்க்கலாம். வக்கீல், மியூசிக் அகாடமியின் செயலாளராக இருந்தவர். இன்று பரதநாட்டியம் என்கிறோமே, அந்தச் சதிர் ஆட்டம் என்றாலே பெரிய மனிதர்கள் முகம் சுளித்த காலம் அது. 1931-இல் திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்களை அகாடமி மேடையில் ஆடவைத்தார். கூட்டம் பெரிதாக வரவில்லை. மனுஷர் விட்டாரா? 1932-இல், தேவதாசி முறையை எதிர்த்த முத்துலட்சுமி ரெட்டியோடு பத்திரிகைகளில் காரசாரமான விவாதம். 1933-இல் அதே சகோதரிகள் மறுபடி ஆடினார்கள்; அந்த வருஷமே பாலசரஸ்வதியும் அகாடமியில் ஆடினார். விவாதம் அச்சில் நடந்ததால் இன்றைக்கும் படிக்கக் கிடைக்கிறது. கமிட்டி அறையில் வாயால் பேசியதெல்லாம் போனது போனதுதான்.

ஆகவே, உங்கள் மூத்த செயலாளரோடு இளம் உறுப்பினர் ஒருவரை உட்காரவைத்துப் பேச்சைப் பதிவுசெய்யுங்கள். செல்போன் போதும். சண்டைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எந்த வித்வான் எந்த நேரம் கேட்டுக் கோபித்துக்கொண்டார் என்பது இப்போது வெளியே வர வேண்டாமென்றால் சில வருஷம் பூட்டி வையுங்கள். (கேன்டீன் காண்டிராக்ட் கதைகளுக்குத் தனி நோட்டே வேண்டும்.) கணக்கு நோட்டு, அழைப்பிதழ், கடிதங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய நாடக நோட்டீஸ்களைக்கூடப் பாதுகாக்கிறார்கள். வழிமுறையை அவர்களிடம் கேட்கலாம்.

அப்புறம், அந்த இளம் உறுப்பினரைப் பதிவோடு நிறுத்தாமல் இரண்டு சீசன் செயலாளர் பக்கத்திலேயே வைத்திருங்கள். பெண்ணாக இருந்தால் வரவேற்பு மேஜைக்கு அனுப்பிவிடாமல், கச்சேரி முடிவாகும் கூட்டத்தில் உட்காரவையுங்கள்.

எங்கள் சபாவில் முன்மொழிய ஆள் கிடைக்கவில்லையென்றால் நானே முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு சபா உறுப்பினர்