கம்ப்யூட்டரைக் கொடுத்துவிடாதே, மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சிக்கு முட்டுவலி குறைந்ததா?

நேற்று முத்து வந்திருந்தான். ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்து, கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொல்கிறான், நீ கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் போடப்போகிறாய் என்று. மெமரி குறைவு, மெமரி குறைவு என்று ஓயாமல் எச்சரிக்கை வருகிறதாம். கடைக்காரர் இனி இது தேறாது என்று சொல்லிவிட்டாராம். போனில் சொன்னால் பாதியிலேயே 'சரி சரி' என்று வைத்துவிடுகிற ஆள் நீ. அதனால்தான் எழுதுகிறேன். படித்து முடிக்கும்வரை யாரிடமும் கொடுக்காதே.

எச்சரிக்கை எப்போது வருகிறது? பழைய பாட்டுக் கேசட்டை ஓடவிட்டு, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவுப் புரோகிராமில் பதிவு செய்யும்போது, அதிலும் இரைச்சலை எடுக்கிற நேரத்தில் என்றான் முத்து. அப்படியென்றால் வயதைக் குற்றம் சொல்லாதே. உன் சி டிரைவைப் பார், இடம் தீர்ந்துபோய்ச் சிவப்புக் கோடு காட்டும்.

மெமரி என்றதும் எல்லோருக்கும் ரேம்தான், ஓடுகிற புரோகிராம்கள் தங்கும் அந்தச் சிப்தான், ஞாபகம் வருகிறது. விண்டோஸ் போடும் கணக்கு வேறு. உன்னுடைய 4 ஜிபி ரேம் போதாதபோது, உடனே தேவைப்படாததை அது டிஸ்க்கில் ஒரு ஃபைலுக்கு மாற்றிவிடும், நாம் பரணில் ஏற்றிவைக்கிற மாதிரி. அதுதான் பேஜ்ஃபைல். புரோகிராம்கள் எல்லாம் சேர்ந்து கேட்டு வாங்கியது, ரேமும் பேஜ்ஃபைலும் கூடிய மொத்தத்தை நெருங்கினால் எச்சரிக்கை வருகிறது. தேவைப்பட்டால் பேஜ்ஃபைல் தானே வளரும். ஆனால் அது இருப்பது சி டிரைவில். அங்கே இடம் இல்லையென்றால் எங்கே வளர்வது?

இங்கேதான் உன் கேசட்டுகள் வருகின்றன. ஆடாசிட்டி ஒலியை 32 பிட்டில் வைத்துக்கொள்கிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள் (சாம்பிள்), ஒவ்வொன்றுக்கும் 4 பைட், ஸ்டீரியோ என்றால் இரண்டு சேனல். 60 நிமிடக் கேசட் ஒன்றுக்குச் சுமார் 1.27 ஜிபி ஆகிறது. அப்புறம் முழுவதற்கும் இரைச்சலை நீக்குகிறாய். செய்ததை ரத்து செய்ய நீ அன்டூ கேட்பாய் என்று பழையதையும் விட்டுவைத்து, புதிதாக இன்னொரு 1.27 ஜிபி எழுதுகிறது. சத்தத்தைக் கூட்டினால் மறுபடியும் ஒன்று. சேமிக்கிறவரை அத்தனையும் சி டிரைவில் ஒரு தற்காலிக ஃபோல்டரில் கிடக்கும். பக்கத்திலேயே டி டிரைவ் காலியாக இருக்கிறது! டிஸ்க்கைத் துண்டு போட்டு, சி-க்குக் கொஞ்சம் மட்டும் ஒதுக்கித் தருகிற கடைக்காரர்களின் பழக்கம் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் இதே தொல்லை இருந்தது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி, அதில் 'கமிட்டட்' என்று இரண்டு எண்கள்: முதலாவது புரோகிராம்கள் கேட்டு வாங்கியது, இரண்டாவது நான் சொன்ன அந்த மொத்தம், ஜிபியில். இங்கே 7.6/7.9 என்று நின்றது. சி-யைக் காலி செய்துவிட்டு அதே வேலையைச் செய்தேன். இரண்டாவது எண் தானாகவே 10-ஐத் தாண்டிப் போனது. எச்சரிக்கை வரவே இல்லை. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். பதிவைத் தொடங்கும் முன்பே வெற்று புராஜெக்ட்டை டி டிரைவில் சேமித்துவிடு, ஒலியும் அங்கேயே போய்ச் சேரும். உன் பழைய ரெக்கார்டர் மோனோ, ஒரே சேனல்தான், அதனால் மோனோவிலேயே பதிவு செய், பாதி இடம் மிச்சம். அந்த நேரத்தில் குரோமை மூடு. இருபது டேப் திறந்துவைத்துக் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறவன் நீ என்று எனக்குத் தெரியாதா! பேஜ்ஃபைலை எடுத்துவிட்டால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதே.

ரேம் கூட்டலாம் என்றால் அதுவும் இப்போது விலை ஏறிக்கிடக்கிறது. மெமரி சிப்புகள் எல்லாம் ஏஐ டேட்டா சென்டர்களுக்குப் போகின்றன. க்ரூஷியல் என்ற பெயரில் நமக்கு ரேம் விற்றுவந்ததையே நிறுத்துவதாக, சிப் தயாரிக்கும் மைக்ரான் கம்பெனி 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. உன் மெஷினுக்கு டிடிஆர்3 என்ற பழைய ரக ரேம்தான் பொருந்தும். பழைய மெஷினில் கழற்றியது கிடைத்தால் ஒன்று போட்டுக்கொள். மறந்தும் அதற்கு அடுத்த ரகமான டிடிஆர்4 வாங்கிவிடாதே, ஸ்லாட்டில் உட்காராது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட், முடிந்தது என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான். அதற்கு வழி, பாட்டு வேலைக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டு நெட்டைத் துண்டித்துவிடுவது.

ஒன்றைக் கவனமாகக் கேள். உன் சின்னாத்தாவின் ஒப்பாரி, கும்மிக்காரிகளின் பாட்டு எல்லாம் அந்த நாடாக்களிலும் அந்த ஒரே டிஸ்க்கிலும்தான் இருக்கின்றன. பாடியவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. நாடாவில் பூஞ்சை பிடித்தால் அடுத்த முறை ஓட்டக் கிடைக்காது. எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் டிஸ்க்கை என்ன செய்வார்கள் என்று யாரும் உனக்குச் சொல்லப்போவதில்லை. எனவே மற்ற எதையும் தொடும் முன், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி எல்லாவற்றையும் பிரதி எடு. இன்னொரு பிரதி எனக்கு அனுப்பு, இங்கே பீரோவில் பூட்டி வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் செய். டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்துக்கொண்டு பேசு, அந்த இரண்டு எண்களையும் முதலில் சொல்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை