வீணையை யாருக்கும் கொடுக்கவில்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். நீ ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் நிலையிலிருந்து எஸ்ஆர்எஃப் என்ற முதுநிலைக்கு உயர்ந்த செய்தியை அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கும் பெருமைதான். ஆனால் அதே போனில், "வீணையைச் சித்தி பொண்ணுக்குக் கொடுத்துடுங்கப்பா, இனிமே எனக்கு நேரமே இருக்காது" என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் வேலையின் சிரமம் தெரியாதவன் இல்லை நான். பள்ளியில் கெமிஸ்ட்ரி நடத்தியவன். புனேவில் உன் லேபுக்கு வந்தபோது பார்த்தேனே. கலவையைப் பிரிக்கும் கண்ணாடிக் குழாய், அதுதான் உங்கள் 'காலம்' (column), ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு டெஸ்ட் டியூபிலிருந்தும் ஒரு துளி எடுத்து, கலவை பிரிந்ததா என்று காட்டும் டிஎல்சி பிளேட்டில் வைப்பாய், யூவி விளக்கடியில் பிடிப்பாய், ஸ்பாட் தனியாகப் பிரிந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாய். இரவுச் சாப்பாட்டு நேரம் போனதே உனக்குத் தெரியவில்லை. ஒரு பொருளை 20 படிகளில் உருவாக்கும் சிந்தசிஸில் படிக்கு 90 சதவீதம் கிடைத்தால்கூடக் கடைசியில் தேறுவது 12 சதவீதம்தான். நிஜத்தில் அதுவும் கிடைக்காது. மாதக்கணக்கில் பலனே காட்டாத வேலையில் இருப்பவளுக்குத்தான், மீட்டிய நொடியில் நாதம் தரும் ஒன்று பக்கத்தில் வேண்டும்.

உன்னைப் போலவே நேரமில்லாத ஒருவர் கதை சொல்கிறேன். அலெக்சாண்டர் போரோடின் ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கெமிஸ்ட்ரி பேராசிரியர். சிறு மூலக்கூறுகளை இணைத்துப் பெரிதாக்கும் ஆல்டால் வினையை 1872இல் கண்டறிந்தவர்களில் ஒருவர். சிம்பொனிகளும் அவரே எழுதினார்! வகுப்பு, லேப், பெண்களுக்கு மருத்துவப் படிப்பு வேண்டும் என்று அலைந்த அலைச்சல், எல்லாம் போக மிஞ்சிய நேரத்தில்தான் இசை. உடம்பு முடியாமல் வீட்டில் இருந்தால்தான் எழுத முடியும் என்பதால், "உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போகட்டும்" என்று நண்பர்கள் வாழ்த்துவார்களாம். 1869இல் தொடங்கிய ஓபராவை 1887இல் இறக்கும்வரை அவர் முடிக்கவில்லை. இசை நண்பர்கள் முடித்துக் கொடுத்து 1890இல் மேடையேறியது. முடிக்காமல் போனாரே என்பதற்காக அந்தப் பதினெட்டு வருஷமும் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. உன்னையும் கச்சேரி செய்யச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம், ஒரு வர்ணம். அது போதும்.

இடது கை விரல்களில் தந்தி பதிந்து காய்த்திருந்த தடம் உனக்கு மறைந்துவிட்டதாம். அம்மாதான் கவனித்துச் சொன்னாள்.

வீணையில் மெட்டுக் கட்டைகளைப் பிடித்திருக்கும் மெழுகு வெயிலில் இளகி இரண்டு மெட்டு நகர்ந்திருந்தது. தஞ்சாவூரில் சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன். தந்தியும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்கு வந்து திரும்பும்போது எடுத்துப் போ. லோயர் பெர்த்தாகப் பார்த்து டிக்கெட் போடு. ஹாஸ்டல் அறையில் வைக்க இடம் போதுமா என்று அளந்து பார்த்துச் சொல்லு.

அன்புடன்,
அப்பா