45 நாள் குட்டியும் 56 நாள் விதியும்

தமிழ்நாடு மாநில விலங்குகள் நல வாரியப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். "45 நாள் குட்டி ரெடி, உடனே அழைக்கவும்." நாய்க்குட்டி தேடுகிற எவர் கண்ணிலும் முதலில் படுவது இந்த விளம்பரம்தான். 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம், அதாவது 56 நாள் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விதியை மீறுகிறேன் என்று போன் நம்பரோடு சொல்கிற தொழில் வேறு ஏதாவது உண்டா, எனக்குத் தெரியவில்லை.

பதினொரு நாளில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டே வரும் நேரம் அது. தடுப்பூசி சரியாக வேலை செய்யத் தொடங்கியிருக்காது. அந்த நேரத்தில்தான் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, பெட்டியில் போட்டு, பல ஊர்க் குட்டிகள் அடைந்து கிடக்கும் கடைக்குக் கொண்டு வருகிறார்கள். வீட்டுக்கு வந்த சில நாளில் சாப்பாடு இறங்காது, வாந்தி, அப்புறம் ரத்தத்தோடு கழிச்சல். பார்வோ என்கிற வைரஸ் நோய். கால்நடை மருத்துவரான என் மேசைக்கு இப்படி வரும் குட்டிகளோடு ஒரு தடுப்பூசி அட்டையும் வரும். அதில் ஸ்டிக்கர் பளபளவென்று ஒட்டியிருக்கும். மருத்துவர் கையெழுத்தோ பதிவு எண்ணோ இருக்காது. வாயைத் திறந்து பால்பற்களைப் பார்த்தாலே அட்டையில் எழுதிய வயது பொய் என்று பல நேரம் தெரிந்துவிடும்.

விதிகள் போதவில்லை என்று நான் சொல்லவில்லை. 18 மாதம் ஆகாத பெட்டை நாயை இனவிருத்திக்கு விடக் கூடாது என்று 2017 விதிகள் சொல்கின்றன. விடுமுறைக்கு நாயை விட்டுப் போகும் போர்டிங் இடங்களை நடத்துபவர்களும் அந்த விதிகளுக்குள் வருகிறார்கள். இது நடத்துபவர்கள் பலருக்கே தெரியாது. கடைகளுக்கு 2018 விதிகள் தனியாக இருக்கின்றன. பதிவு உங்கள் கையில், ஆய்வு உங்கள் கையில். ஆனால் எந்தக் கடை பதிவு பெற்றது, கடைசியாக யார் போய்ப் பார்த்தார்கள், என்ன கண்டார்கள் என்பது வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை.

தண்டனையை நம்பியும் பயனில்லை. 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். பார்க்கிங் கட்டணம்கூட அதைவிட அதிகம்! அதனால்தான் ஆய்வறிக்கை வெளியே வர வேண்டும் என்கிறேன். கடைக்காரர் அபராதத்துக்கு அஞ்ச மாட்டார், வாடிக்கையாளர் போய்விடுவார் என்றால் அஞ்சுவார்.

இது நடக்காத காரியமில்லை. அமெரிக்க வேளாண்துறை உரிமம் பெற்ற விலங்கு வளர்ப்பிடங்களின் ஆய்வறிக்கைகளை இணையத்தில் வைக்கிறது. 2017 பிப்ரவரியில் அவற்றை நீக்கியது. எதிர்ப்பு கிளம்பி, அந்த நாட்டு நாடாளுமன்றமே சட்டத்தில் எழுதிவைத்த பிறகு 2020-இல் திரும்ப வைத்தது.

கேட்பது பெரிதல்ல. பதிவுச் சான்றிதழில் ஒரு கியூஆர் குறியீடு; அதை போனில் ஸ்கேன் செய்தால் கடைசி ஆய்வின் தேதியும் குறைகளும் தெரிய வேண்டும். ஆய்வாளர் பற்றாக்குறை என்பீர்கள், நியாயம்தான். 45 நாள் விளம்பரங்களைப் பிடிக்க ஜீப் தேவையில்லை, அலுவலகத்தில் உட்கார்ந்து ஒருவர் தினம் அரை மணி நேரம் போன் பார்த்தால் போதும். முதலில் அந்த எண்களுக்கு ஒரு நோட்டீஸ் போகட்டும். ஒழுங்காகக் கட்டணம் கட்டிப் பதிந்து, 56 நாள் வரை குட்டிக்குச் சோறு போட்டு வளர்ப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். விலையில் அவர்களைத் தோற்கடிப்பது இந்த 45 நாள்காரர்கள்தான்.

பள்ளி விடுமுறை தொடங்கினால் குட்டி வியாபாரம் சூடு பிடிக்கும். அதற்கு முன்பே நோட்டீஸ் போய்விட்டால் நல்லது.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு கால்நடை மருத்துவர்